உதவி: அம்மாச்சி பெட்டியில் 31 குச்சிகள், என்னவென்று தெரியவில்லை (அவசரம்)

கடைக்குட்டி86:
வணக்கம். அம்மாச்சியின் தையல் பெட்டியை ஒதுங்க வைக்கும்போது ஒரு துணி மூட்டையில் 31 குச்சிகள் கிடைத்தன. விரல் நீளம் இருக்கும், மேலே கழுத்து மாதிரி ஒடுங்கி ஒரு குமிழ். பழைய சாமான் எடுப்பவர் நாளைக் காலை வருகிறார், மொத்தத்துக்கும் 300 ரூபாய் தருகிறாராம். கொடுத்துவிடலாமா? படம் போட்டிருக்கிறேன், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

தறிமேடு:
படம் திறக்கவில்லை. பரவாயில்லை, பார்க்காமலே சொல்வேன், தார்க்குச்சி. எங்கள் வீட்டில் கூடை கூடையாக இருந்தது, தறியில் குறுக்கே ஓடும் நூலை இதில் சுற்றி நாடாவுக்குள், அதாவது ஓடத்துக்குள் போடுவது. 300 என்றால் கொடுத்துவிடுங்கள்.

நூல்கண்டு:
எனக்கும் படம் வரவில்லை. எந்த ஊர்? என்ன மரம்? கீழ்முனை எப்படி இருக்கிறது, கூராகவா, உருண்டையாகவா, ஓட்டை போட்டு மணி கோத்திருக்கிறதா? மூட்டையில் வேறு என்ன இருந்தது?

சரிகை_பிரியை:
இது டாட்டிங் ஷட்டில், முடிச்சு முடிச்சாக லேஸ் போடும் கருவி. நான் பத்து வருடமாக டாட்டிங் போடுகிறேன், அதனால் சொல்கிறேன்.

பழம்பொருள்_பித்தன்:
அளவு இல்லை, எடை இல்லை, ஊர் இல்லை, படமும் இல்லை. புதுக் கேள்வி போடும் முன் என்னென்ன எழுத வேண்டும் என்று இங்கே ஒட்டி வைத்திருப்பதை யாரும் படிப்பதில்லை போலும். சரி, போகட்டும். டாட்டிங் ஷட்டில் படகு வடிவத்தில் இருக்கும், இரண்டு தகட்டுக்கு நடுவே நூல் சுற்றுவார்கள். அதைக் குச்சி என்று யாரும் எழுத மாட்டார்கள். பத்து வருடம் போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைக்குட்டி86:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். மார்த்தாண்டம் பக்கம். கீழ்முனை பென்சில் மாதிரி கூர், மழமழவென்று இருக்கிறது. மணி எதுவும் இல்லை. நாலு மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கூடவே ஓட்டை ஓட்டையாகக் குத்திய ஒரு பழுப்பு அட்டையும் இருந்தது, அது குப்பை என்று நினைத்து எழுதவில்லை.

நூல்கண்டு:
அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! இது லேஸ் பாபின், லேஸ் பின்ன நூல் சுற்றி வைக்கும் குச்சி. அந்த அட்டைதான் பின்னலுக்கு மாதிரி. அதை வைக்கோல் திணித்த கெட்டித் தலகாணி மேல் வைத்து, ஓட்டை ஓட்டையாகக் குண்டூசி குத்தி, பாபினில் சுற்றிய நூலை அந்த ஊசிகளைச் சுற்றிக் கொண்டுபோவார்கள். ஒன்றின் மேல் ஒன்றைப் போடுவது, முறுக்குவது, இந்த இரண்டே அசைவில்தான் மொத்த லேஸும் வரும். இங்கிலாந்தின் கிழக்கு மிட்லாண்ட்ஸ் பாபினில் கீழே மணி வளையம் தொங்கும், நூலுக்கு இழுவை கிடைக்கும், தலகாணியில் உருளவும் செய்யாது. டெவனில் உள்ள ஹானிட்டன் பாபினில் மணி கிடையாது. அங்கே பின்னிய கண்ணிக்குள் பாபினையே நுழைத்து எடுக்க வேண்டும், அதனால்தான் மெலிசாக, கூராக, மழமழவென்று கடைந்திருப்பார்கள். உங்களுடையது இந்த வகை. அப்புறம், பாபின் எப்போதும் இணை இணையாகத்தான் ஓடும். 31 என்றால் ஒன்று வீட்டில் எங்கேயோ கிடக்கிறது, தேடுங்கள்.

வேணாட்டான்:
மார்த்தாண்டம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா, 1820களில் நாகர்கோவில் பள்ளிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் இது. அதில் வந்த காசில் விடுதலை வாங்கிய அடிமைப் பெண்கள் உண்டு. திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்தது 1855இல்தான், அதற்கு முன்பே நடந்த கதை. இதைப் போய் 300 ரூபாய்க்கா?

முளகுமூட்டுப்_பிள்ளை:
அண்ணே, எல்லாவற்றையும் நாகர்கோவில் கணக்கில் எழுதாதீர்கள். எங்கள் முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் கன்னியர்கள் லேஸ் சொல்லிக்கொடுத்தார்கள். மார்த்தாண்டத்திலிருந்து முளகுமூடு எவ்வளவு தூரம், நாகர்கோவில் எவ்வளவு தூரம், நீங்களே சொல்லுங்கள்.

வேணாட்டான்:
தம்பி, 1820 முந்தியா 1897 முந்தியா?

முளகுமூட்டுப்_பிள்ளை:
முந்தினது யார் என்று யார் கேட்டது? இந்தக் குச்சி யாருடையது என்பதுதானே கேள்வி. அம்மாச்சி சிஎஸ்ஐயா (லண்டன் மிஷன் வழி வந்த சபை) ஆர்சியா (கத்தோலிக்கம்) என்று முதலில் கேளுங்கள்.

நூல்கண்டு:
சண்டை வேண்டாம். பெல்ஜியம் பாபின் அடிப்பக்கம் குண்டாக இருக்கும், இது கூர். ஆனால் அதை வைத்தும் அடித்துச் சொல்ல முடியாது. வடிவம் ஹானிட்டன் என்பதால் பொருள் அங்கிருந்து வந்தது என்று ஆகிவிடாது. கையில் கிடைத்த ஒன்றை மாதிரியாக வைத்து உள்ளூர் ஆசாரி கடைந்திருக்கலாம்.

தறிமேடு:
வெள்ளை நாலும் தந்தமா என்று பாருங்கள். ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓரத்தில் குத்தினால் தெரிந்துவிடும்.

பழம்பொருள்_பித்தன்:
இந்த ஊசி வைத்தியத்தால் எத்தனை நல்ல சாமான் வடு பட்டுக் கிடக்கிறது தெரியுமா? லென்ஸை எடுங்கள். எலும்பு என்றால் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளியும் கீறலும் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வலைக்கோடுகள் இருக்கும். தந்தமாக இருந்தால் விலை பேசுவதே வம்பு, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

சரிகை_பிரியை:
டாட்டிங் என்று சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இப்படியா பேசுவது?

நூல்கண்டு:
கடைக்குட்டி, வியாபாரி வந்தாரா? தலகாணி இருக்கிறதா? தண்ணீரில் மட்டும் ஊறப்போடாதீர்கள், காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கடைக்குட்டி86:
மூன்று நாளாக வர முடியவில்லை, மன்னிக்கவும். விற்கவில்லை. வெள்ளை நாலும் மரம்தான், பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 32ஆவது கிடைத்துவிட்டது, அம்மா அதை வைத்துத்தான் இத்தனை வருடமாகப் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். தலகாணி போன மழைக்காலத்தில் எலி கடித்துவிட்டது என்று எரித்துவிட்டார்களாம். அம்மாச்சி சிஎஸ்ஐ. எல்லோருக்கும் நன்றி.

வேணாட்டான்:
சொன்னேனா இல்லையா.

முளகுமூட்டுப்_பிள்ளை:
சிஎஸ்ஐ என்றால் கான்வென்டில் படிக்கக் கூடாதா?

நூல்கண்டு:
அந்த அட்டையை வெயிலில் படம் எடுத்துப் போடுங்களேன், ஓட்டை வரிசையை வைத்து என்ன பூ என்று பார்க்கலாம். அம்மாச்சி பின்னிய துண்டு ஏதாவது, தலையணை உறை, மேசை விரிப்பு, வீட்டில் இருக்கிறதா?