குன்ச்சி கேட்டவனிடம் சாவியை நீட்டிய கதை

கிள்ளான்காரன்:
மலேசியாவில் நான் கித்தார் படித்தது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தில்தான். வரிக்கு மேலே சி, ஏ மைனர், எஃப், ஜி என்று கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) பேர் போட்டிருக்கும், அவ்வளவே. செர்ச் என்கிற மலேசிய ராக் குழுவின் ‘இசபெல்லா’ 1989இல் வந்து இந்தோனேசியாவையும் ஒரு கலக்கு கலக்கிய பிறகு, எங்கள் லைன் வீடுகளில் ராக் காப்பாக் என்கிற அந்த மலாய் ராக் பாட்டைப் பாடாத பையனே கிடையாது. நானும் கேசட்டைப் போட்டுவிட்டு புத்தகத்தில் உள்ளபடியே வாசிப்பேன், ஒன்றும் ஒட்டாது, நாய் ஊளையிடுகிற மாதிரி இருக்கும். புத்தகம் போட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அபாங் (அண்ணன்) ஒருநாள் என் காப்போக் கித்தாரை, அதாவது மின்சாரம் இல்லாத சாதாரணக் கித்தாரை வாங்கி, ஆறு கம்பியையும் அரைக் கட்டை சுருதி இறக்கிவிட்டு “இப்ப வாசிடா” என்றார். உச்சத்தில் கத்திப் பாட வசதியாக ராக் குழுக்கள் இப்படிக் கம்பியைத் தளர்த்திக்கொள்ளுமாம். அட, அது எனக்கு யார் சொன்னது!

இன்னொன்று. தொழிற்சாலையில் கூட வேலை செய்த இந்தோனேசியப் பையன், அவன் நாட்டு ஷீலா ஆன் 7 குழுவின் பாட்டுக்கு “குன்ச்சி இருக்கா?” என்று கேட்டான். மலாயில் குன்ச்சி என்றால் சாவி, நான் லாக்கர் சாவியை எடுத்து நீட்டினேன். அவர்கள் ஊரில் கார்டுக்கே அதுதான் பேர். வேலையை விட்டுப் போகும்வரை என்னை அதைச் சொல்லியே ஓட்டினான்.

பினாங்கு அக்கா:
தம்பி, மலாயில் பாடிய அலிகேட்ஸ் குழுவை விட்டுட்டீங்களே! லோகநாதன், டேவிட் ஆறுமுகம், நம்ம பினாங்கு அண்ணன் தம்பிகள். அந்தப் பெரிய சுருட்டை முடியோடு மலாய்க்காரர்கள் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்தவர்கள். லோகநாதன் 2007இல் இறந்துபோனபோது எங்கள் ஆபீஸில் முதலில் அழுதது ஒரு மலாய்க்கார அக்கா. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இளையராஜா பாட்டுக்குக் கார்டு பிடிக்கத் திணறிய பையன்கூட, அலிகேட்ஸ் பாட்டு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான், நான் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

ஜகார்த்தா தம்பி:
இங்கே வாரோங் என்கிற சின்னச் சாப்பாட்டுக் கடையில் சோறு சாப்பிட உட்கார்ந்தால் பெங்காமென் என்கிற தெருப்பாடகப் பசங்க வந்துவிடுவார்கள், கையில் மூன்று கம்பி கென்த்ருங், ஒரு குட்டிக் கித்தார். இரண்டாயிரம் ரூபியா கொடுத்தால் பாதி வரியிலேயே பாட்டை நிறுத்திவிட்டு அடுத்த மேசைக்கு நடையைக் கட்டுவான். ஒருநாள் ஷீலா ஆன் 7 கேட்டேன். அன்றைக்கு மட்டும் அவன் நிறுத்தவில்லை, சட்டி கழுவிக்கொண்டிருந்த அம்மாவும் சேர்ந்து பாடியது.

கிள்ளான்காரன்:
அக்கா, ஒத்துக்கொள்கிறேன், தப்புதான். தம்பி, 2008இல் வானொலியில் உள்ளூர்ப் பாட்டு 90, இந்தோனேசியப் பாட்டு 10 என்று பங்கு பிரிக்கச் சொல்லி இங்கே மலேசியக் கலைஞர்கள் கேட்டார்களே, அன்று ராத்திரியும் எங்கள் லெப்பாக் கூட்டம், அதாவது சும்மா உட்கார்ந்து அரட்டையடிக்கிற கூட்டம், இந்தோனேசியக் குழு பீட்டர்பானின் பாட்டைத்தான் வாசித்தது. எனக்கு எஃப் கார்டு மட்டும் இன்னும் சரியாக விழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.