வேர்ட்பிரஸ் பராமரிப்பு: டாஷ்போர்டா, டபிள்யூபி-சிஎல்ஐயா?

முனையன்
எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குத் தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) அணுகல் இருக்கிற தளத்தில் அப்டேட், பேக்கப், டொமைன் மாற்றம் மூன்றையும் டாஷ்போர்டில் (உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கம்) செய்வதை விட்டுவிட்டு, வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐக்கு மாறலாம் என்பது என் கட்சி. வேகத்துக்காகச் சொல்லவில்லை. டாஷ்போர்டில் அழுத்தும் எந்தப் பொத்தானும் வெப் சர்வரின் நேர வரம்புக்குள் முடிந்தாக வேண்டும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் இயல்பு வரம்பு 30 வினாடி. கமாண்ட் லைனில் அது 0, அதாவது வரம்பே இல்லை. பல பிளகின்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) ஒன்றாக அப்டேட் செய்யும்போது வேலை நடுவில் அறுந்தால் '.மெயின்டெனன்ஸ்' கோப்பு அப்படியே தங்கிவிடும். 10 நிமிடம் வருகிறவர்களுக்கெல்லாம் பராமரிப்புச் செய்திதான்.

வரிசை இவ்வளவே: 'டபிள்யூபி டிபி எக்ஸ்போர்ட்' (டேட்டாபேஸ் பேக்கப்), பிறகு 'டபிள்யூபி பிளகின் அப்டேட் --ஆல்' (எல்லா பிளகின்களும்), 'டபிள்யூபி கோர் அப்டேட்' (வேர்ட்பிரஸ்), 'டபிள்யூபி கோர் அப்டேட்-டிபி' (டேட்டாபேஸ் அமைப்பு), கடைசியாக 'டபிள்யூபி கோர் வெரிஃபை-செக்சம்ஸ்' (கோப்புகள் அசலா என்ற சரிபார்ப்பு). (கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்து.)

பலகைவாசி
முதல் கட்டளையிலேயே வம்பு இருக்கு. பாதை குடுக்காம எக்ஸ்போர்ட் பண்ணா, நீங்க நிக்கிற ஃபோல்டர்லதான் டேட்டாபேஸ் விழும். நிக்கிறது பப்ளிக் ஃபோல்டர், இணையத்துல யாரும் திறக்கக்கூடியது. 'பேக்கப்.எஸ்க்யூஎல்'னு பேரும் வச்சுட்டா, முகவரியை யூகிக்கிற எவனும் பயனர் பட்டியலோட பாஸ்வேர்ட் ஹாஷையும் (பாஸ்வேர்டை உருமாத்தி வச்ச வடிவம்) சேர்த்து இறக்கிக்கலாம்.

ரெண்டாவது, '--ஆல்'. இருபது பிளகின் ஒரே மூச்சுல மாறும், தளம் வெள்ளையாகும், எது காரணம்னு யாருக்குத் தெரியும்? வேர்ட்பிரஸ் 6.6-லிருந்து (2024) தானியங்கி அப்டேட்ல ஒரு பிளகின் ஃபேட்டல் எரர் (தளத்தையே நிறுத்துற பிழை) குடுத்தா, பழைய பதிப்பு தானா திரும்பிடுது. உங்க கட்டளை ஃபைலை மாத்திட்டு 'சக்சஸ்'னு சொல்லிட்டுப் போயிடும். தளம் திறக்குதான்னு அது பாக்கவே பாக்காது.

அரைப்புள்ளி
இருவரும் தொடாத ஒன்று: எந்தப் பயனராக ஓட்டுகிறீர்கள்? சர்வரில் முழு அதிகாரம் உள்ள ரூட்டாக ஓட்டினால் டபிள்யூபி-சிஎல்ஐ மறுக்கும். உடனே தேடுபொறியில் கிடைக்கும் பதில் '--அலவ்-ரூட்'. அதைச் சேர்த்தால் தளத்தில் உள்ள ஒவ்வொரு பிளகினின் குறியீடும் ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. ஒரு பிளகினில் தீங்கு நிரல் இருந்தாலும் சர்வரே போயிற்று. அது நடக்காவிட்டாலும், புதிய கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகும். அதன்பின் டாஷ்போர்டில் அப்டேட் அழுத்தினால் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) பாஸ்வேர்ட் கேட்கும். பலர் அதை ஹோஸ்டிங் கோளாறு என்று நினைத்து 777 (யாரும் எழுதலாம் என்ற அனுமதி) போட்டு இன்னொரு ஓட்டையைத் திறக்கிறார்கள். 'சூடோ -யு' (வேறொரு பயனராக ஓட்டும் கட்டளை) கொடுத்து அந்தத் தளத்தின் பிஎச்பி எந்தப் பயனராக ஓடுகிறதோ அவராகவே ஓட்டுங்கள்.

முனையன்
பப்ளிக் ஃபோல்டர் பற்றிச் சொன்னது சரி. வரிசையில் பாதையை எழுதியிருக்க வேண்டும். அதோடு ஒன்று: எக்ஸ்போர்ட்டை பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை நேராக அடுத்ததற்கு ஊட்டுவது) சுருக்கும் நிரலான ஜிஜிப்புக்கு அனுப்புகிறவர்கள் 'செட் -ஓ பைப்ஃபெயில்' போட வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்போர்ட் தோற்றாலும் ஜிஜிப் வெற்றி என்றே ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும். கையில் மிஞ்சுவது 20 பைட் காலிக் கோப்பு.

திரும்பப் போவதற்கு வழி இருக்கிறது. பிளகின் ஒவ்வொன்றாக அப்டேட் செய்து, 'கர்ல்' (பக்கத்தை எடுத்துப் பார்க்கும் கட்டளை) கொண்டு முகப்புப் பக்கத்தின் நிலை எண்ணைப் பார்க்கும் நாலு வரி லூப் போதும். 500 (சர்வர் பிழை) வந்தால் 'டபிள்யூபி பிளகின் இன்ஸ்டால்' உடன் பழைய '--வெர்ஷன்' எண்ணும் '--ஃபோர்ஸ்'-உம். வேர்ட்பிரஸே திறக்காத அளவுக்கு உடைந்திருந்தால் பிளகின்களை ஏற்றாமல் ஓட '--ஸ்கிப்-பிளகின்ஸ்' சேர்த்துக்கொள்ளலாம்.

டொமைன் மாற்றத்தையும் பார்ப்போம். விட்ஜெட், தீம் அமைப்புகள் டேட்டாபேஸில் சீரியலைஸ் செய்த (ஒரே தொடராகக் கட்டிய) வடிவில் இருக்கும். ஒவ்வொரு சரத்தோடும் (எழுத்துத் தொடர்) அதன் நீளம் எழுதியிருக்கும். எச்டிடிபி முகவரியின் நீளம் 18 என்றிருக்கும்போது எச்டிடிபிஎஸ் ஆக்கினால் 19. பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை உலாவியில் திருத்தும் கருவி) வெறும் ரீப்ளேஸ் ஓட்டினால் எண் 18 ஆகவே நிற்கும், பிஎச்பி அந்தத் தகவல் முழுவதையும் படிக்க மறுக்கும், விட்ஜெட்டெல்லாம் காணாமல் போகும். 'டபிள்யூபி சர்ச்-ரீப்ளேஸ்' அதை அவிழ்த்து, மாற்றி, நீளத்தைத் திருத்தி வைக்கிறது. முன்னதாக '--ட்ரை-ரன்' (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டால் எந்த டேபிளில் எத்தனை இடம் மாறும் என்று எண்ணிக் காட்டும்.

பலகைவாசி
'--வெர்ஷன்' வேர்ட்பிரஸ் டைரக்டரியில இருக்கிற பிளகினுக்குத்தான். காசு குடுத்து வாங்கினதோட பழைய ஜிப்பை நீங்களே எடுத்து வச்சிருக்கணும். '--ஸ்கிப்-பிளகின்ஸ்' போட்டாலும் எம்யூ-பிளகின் (எப்பவும் தானா ஏறுற வகை) ஓடும், கோளாறு அங்க இருந்தா கைவிரிச்சிடும்.

சர்ச்-ரீப்ளேஸும் முழுசா நம்பக்கூடியதில்ல. பேஜ் பில்டருங்க (பக்கம் வடிவமைக்கிற பிளகின்கள்) ஜேசன்ங்கிற தகவல் வடிவத்துல சேமிக்கும்போது ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால ஒரு பின்சாய்கோடு நிக்கும். சாதாரண முகவரியைத் தேடினா அதெல்லாம் சிக்காது. 'சக்சஸ்' வரும், பாதிப் படம் பழைய டொமைன்லயே இருந்து வரும்.

முனையன்
பின்சாய்கோட்டு வடிவத்துக்கு இரண்டாவது முறை ஓட்ட வேண்டும், உண்மை. பிளகின்கள் தாமாக உருவாக்கிய டேபிள்களும் இயல்பாக விடுபடும், அதற்கு '--ஆல்-டேபிள்ஸ்-வித்-பிரிஃபிக்ஸ்'. 'ஜியுஐடி' (ஒவ்வொரு பதிவின் நிலையான அடையாளம்) நெடுவரிசையை '--ஸ்கிப்-காலம்ஸ்' போட்டு ஒதுக்குங்கள். மாற்றினால் ஊட்ட (ஆர்எஸ்எஸ்) வாசிப்பான்கள் பழைய பதிவுகளைப் புதியவையாகக் காட்டும். ஆனால் இதற்கு டாஷ்போர்டில் என்ன இருக்கிறது? இன்னொரு பிளகின் நிறுவச் சொல்வீர்கள்.

பலகைவாசி
ட்ரை-ரன்னுக்கு ஈடு இல்ல, ஒத்துக்கிறேன். நாலு பேர் கை வைக்கிற தளம்னா என்ன பண்ணுவீங்க? டாஷ்போர்டுல யார் எதை மாத்துனாங்கன்னு ஆக்டிவிட்டி லாக் பிளகின் பேரோட எழுதும்.

அரைப்புள்ளி
டபிள்யூபி-சிஎல்ஐ இயல்பாக யாராகவும் உள்நுழைவதில்லை; பயனர் எண் 0. லாகில் பெயர் காலியாக இருக்கும். '--யூசர்' கொடுத்து ஓட்டினால் பெயர் விழும். ஆனால் எந்தப் பெயரை வேண்டுமானாலும் கொடுக்கலாம், பாஸ்வேர்ட் கேட்காது. ஆகவே சாட்சியாக ஏற்க முடியாது. சர்வரில் ஆளுக்கொரு கணக்கும் சூடோ லாகும் வேண்டும்.

இன்னொன்று, அப்டேட் முடிந்தும் பழைய குறியீடே ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கு: ஆப்கேஷில் (பிஎச்பி குறியீட்டை நினைவகத்தில் வைத்திருக்கும் கேஷ்) 'வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ்' 0 என்றால், பிஎச்பியை ஓட்டும் சேவையான எஃப்பிஎம்-ஐ ரீலோட் செய்யும்வரை பழையதுதான். ஆப்ஜெக்ட் கேஷ் (டேட்டாபேஸிலிருந்து எடுத்தவற்றின் தற்காலிகச் சேமிப்பு) பிஎச்பியின் நினைவகத்திலேயே இயங்கும் ஏபிசியூ-வில் இருந்தால் 'டபிள்யூபி கேஷ் ஃப்ளஷ்' கமாண்ட் லைனின் சொந்த நினைவகத்தைத்தான் காலி செய்யும், தளத்தினுடையதை அல்ல. தனிச் சேவையாக ஓடும் ரெடிஸ் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

முனையன்
பலகைவாசி, '--ஆல்' உங்களுக்குப் பயம் என்றால் '--பேட்ச்' சேருங்கள். பதிப்பின் கடைசி எண் மட்டும் மாறுபவையே அப்டேட் ஆகும்.

பலகைவாசி
எண்ணை ஒழுங்கா போடுற பிளகினுக்கு அது சரி. கடைசி எண்ணை மட்டும் மாத்திட்டு டேபிள் அமைப்பையே புரட்டிப் போடுறவங்க இருக்காங்களே.

முனையன்
அவர்கள் பெயர்களை '--எக்ஸ்க்ளூட்' பக்கத்தில் எழுதிவிடுங்கள். அவற்றை மட்டும் நீங்கள் டாஷ்போர்டிலேயே செய்யுங்கள், பேக்கப் எடுத்த பிறகு.