மரைக்கு எது சரி: .243ஆ, .308ஆ?

நானுஓயா தம்பி:
வணக்கம். எங்கள் அத்தான் நியூசிலாந்து வடதீவில், மனவட்டுப் பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறார். துப்பாக்கி லைசன்ஸ் எடுத்துவிட்டார். பண்ணைக்காரர் தன் காணியில் மான் சுட அனுமதி கொடுத்திருக்கிறார். அங்கே ஃபாலோ மானும் உண்டு, மரையும் உண்டு. காசு ஒரு ரைபிளுக்குத்தான் இருக்கிறது. கடைக்காரர் .308 கேலிபர் (ரவையின் அங்குலத் தடிப்பு) எடுக்கச் சொல்கிறார், கூட வேலை செய்பவர் .243 போதும் என்கிறார். அத்தான் ஒல்லியான ஆள், பயிற்சி வகுப்பில் துப்பாக்கி பிடித்ததோடு சரி. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கங்காணி:
மரை என்று சொன்ன பிறகு என்ன கேள்வி தம்பி? .308தான். மெல்பர்னில் இருந்த காலத்தில் விக்டோரியா மலைகளில் லைசன்ஸோடு மரை வேட்டைக்குப் போனவன் நான். அங்கே பல வருஷமாகச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்: மரைக்கு .270க்குக் குறைந்த கேலிபர் கூடாது, ரவையின் எடை 130 கிரெயினுக்குக் குறையக் கூடாது. .243உம் 80 கிரெயினும் ஃபாலோ மாதிரிச் சின்ன சாதிக்குத்தான். சும்மாவா எழுதினார்கள்? ஃபாலோ கடா நூறு கிலோ வந்தாலே பெரிய உருப்படி. வளர்ந்த ஆண் மரை இருநூறைச் சாதாரணமாகத் தாண்டும். .243இன் 100 கிரெயின் ரவை குழலை விட்டுப் போகும்போது ஏறக்குறைய 2,600 ஜூல் சக்தி. .308இன் 150 கிரெயின் ரவைக்கு 3,500க்கு மேல். இதற்கு மேலும் பேச என்ன இருக்கிறது?

பத்துமீட்டர் ராணி:
இருக்கிறது ஐயா. ஜூல் கணக்கெல்லாம் ரவை சரியான இடத்தில் பட்டால்தானே? நான் வேட்டைக்காரி இல்லை, இலக்குச் சுடுதல் ஆள். புதிதாக வருகிறவர்களிடம் பெரிய கேலிபரைக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் உதை தோளில் விழுந்ததும் உடம்பு அதை மறக்காது. அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் கீழே சாயும். நூறு மீட்டரில் அந்தச் சாய்வு போதும், நெஞ்சுக்குப் போக வேண்டிய ரவை வயிற்றுக்குப் போகும்.

.243 ஒன்றும் பொம்மை இல்லை. 1952இல் வந்த .308இன் தோட்டாக் கோது இருக்கிறதே, அதை எடுத்து, கழுத்தைச் சுருக்கி 1955இல் விட்டதுதான் அது. அதை விட .308 ஒன்றரை மடங்குக்கு மேல் உதைக்கும். இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் .240 கேலிபரும் 1,700 அடி-பவுண்டும், அதாவது சுமார் 2,300 ஜூல், இருந்தால் செம்மானையே சுட விடுகிறது. அவர்களும் சும்மா எழுதவில்லை.

பழைய கங்காணி:
செம்மானும் மரையும் ஒன்றா அம்மா? நீங்கள் சொல்வது மான் பக்கவாட்டில், முன்னங்கால் தெரிய நிற்கும்போது. ஹோர்ட்டன் சமவெளி கார் பார்க்கில் மரை அப்படி வந்து நிற்கும், பிஸ்கட் கூடக் கேட்கும். காட்டில் அது பாதி முதுகைக் காட்டிக்கொண்டு புதருக்குள் நிற்கும். அந்தக் கோணத்தில் ரவை குறுக்காக நிறையச் சதையைத் துளைத்துப் போக வேண்டும். வேகமான லேசான ரவை தோள் எலும்பில் பட்டுச் சிதறினால் மறுபக்கம் வெளியே வராது. வெளித்துளை இல்லையென்றால் இரத்தத் தடமும் சரியாக விழாது. நெஞ்சில் வாங்கின மரையே நூறு மீட்டர் ஓடிப் பள்ளத்தில் விழும். மாலை மங்கலில் பன்னைப் புதருக்குள் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

பத்துமீட்டர் ராணி:
அந்தக் கோணத்தில் சுடக் கூடாது என்றுதானே சொல்ல வேண்டும்? “மோசமாகச் சுட்டாலும் சாகட்டும்” என்று பெரிய கேலிபர் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரவை சிதறுவது பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது கேலிபரின் குணம் இல்லை, ரவை செய்த விதம். முழுச் செம்பு ரவை .243இலும் கிடைக்கிறது, சிதறாமல் ஆழமாகப் போகும். இறைச்சியில் ஈயத்தூளும் கலக்காது. கடையில் மலிவான பெட்டியை எடுத்துவிட்டுக் கேலிபரைக் குறை சொல்கிறார்கள்.

மரைக்காடு:
எல்லாரும் கசாப்புக் கடைக் கணக்குப் பேசுகிறீர்கள். நான் ஒஹியாவிலிருந்து சமவெளிக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவன். இந்த மலையில் பேக்கர் துரை நாய்களை விட்டு மரையை மடக்கிக் கத்தியால் குத்தினார், அவர் பேரில் நீர்வீழ்ச்சி இருக்கிறது. மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டார் என்பார்கள், 1845இல் அப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார். மின்னல் என்ன கேலிபர் என்று கங்காணி சொல்வாரா? 1937இலிருந்து வனசீவராசிகள் சட்டம் இருந்தும் சுருக்குக் கம்பியும் கட்டுத்துவக்கும் ஓயவில்லை. 2020இல் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டிச் செத்ததை மறந்துவிட்டீர்களா? இந்தப் பேச்சைப் படித்துவிட்டு இங்கே ஒருவன் காட்டுக்குள் போவான்.

களப் பொறுப்பாளர்:
இலங்கையில் மரை, மான் சுடுவது குற்றம். உள்ளூர் வேட்டை பற்றிய பதிவு வந்தால் உடனே நீக்கப்படும். நியூசிலாந்து கேள்வி தொடரலாம்.

பழைய கங்காணி:
கம்பி வைக்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அங்கே கதை வேறு. அந்த நாட்டுக்கு வௌவாலை விட்டால் சொந்தமான தரைப் பாலூட்டியே கிடையாது. மரையைத் தின்னச் சிறுத்தை இல்லை. மான் பெருகினால் காட்டில் மரக்கன்று தலை தூக்காது.

லயத்துக் கவிஞன்:
மனவட்டு மரைகளே நம்ம ஊர்ச் சனம்தான் ஐயா. 1870களில் இலங்கையிலிருந்து கொண்டுபோய் விட்டது. நம்மைக் கப்பலில் கொண்டுவந்தான், அதுகளைக் கப்பலில் கொண்டுபோனான்.

மரைக்காடு:
அப்படியென்றால் சொந்தக்காரனையா சுடப் போகிறீர்கள்?

கிரீட்மோர் ரசிகன்:
6.5 கிரீட்மோர் என்று ஒரு கேலிபர் 2007இலேயே வந்துவிட்டது. உதை குறைவு, 140 கிரெயின் ரவை. சண்டை முடிந்தது.

பழைய கங்காணி:
முடியவில்லை. 6.5 என்றால் .264 அங்குலம். நான் சொன்ன அந்தக் கால விக்டோரியா விதியில் அதற்கும் மரை கிடையாது. இடையில் ஏதாவது வேண்டுமென்றால் 7 எம்எம்-08 எடுக்கட்டும், அதுவும் .308 கோதுதான். உதை கொஞ்சம் குறையும், 140 கிரெயின் தாராளமாகப் போகும்.

பத்துமீட்டர் ராணி:
அது பரவாயில்லை. .308தான் என்று அடம் பிடித்தால், கொஞ்சம் பாரமான ரைபிளாக எடுத்துச் சைலன்சர் போடச் சொல்லுங்கள். அங்கே அது சட்டப்படி கிடைக்கும், உதையும் இறங்கும். அதற்கு முன் உதை தெரியாத ஒரு சின்ன .22 ரைபிளை இரவல் வாங்கி நிறையச் சுட்டுப் பழகட்டும்.

நானுஓயா தம்பி:
அத்தானுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரரின் .308ஐ இலக்குப் பலகையில் சுட்டுப் பார்க்கப் போகிறாராம். தோள் தாங்கினால் அது, இல்லையென்றால் 7 எம்எம்-08. .243 எடுத்தால் ஃபாலோ மானோடு நிறுத்திக்கொள்வதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

பத்துமீட்டர் ராணி:
முதல் ரவையை வைத்து முடிவு எடுக்க வேண்டாம் தம்பி, அது எல்லாருக்கும் நன்றாகத்தான் விழும். ஐந்தாவது எங்கே விழுந்தது என்று கேளுங்கள்.

பழைய கங்காணி:
ஐந்தாவது ரவை வரைக்கும் மரை நின்றுகொண்டிருக்காது அம்மா.