முடக்குவாதம் வரமுதலே ஊசி: எடுக்கிறதோ, விடுகிறதோ?

உவர்மலையாள்
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு முடக்குவாதம். கன வருஷமா கிளினிக்கில மருந்தெடுக்கிறா. விரல் எல்லாம் ஒரு பக்கம் சாஞ்சிட்டுது, தேங்காய் திருவ ஏலாது. எனக்கு வயசு 34. கனடாவில இருக்கிற மச்சாள் சொல்லி, பிரைவேட் லாப் ஒண்டில ‘அன்ரி சிசிபி’ எண்ட, முடக்குவாத எதிர்ப்பொருள் ரத்தத்தில இருக்கோ எண்டு பாக்கிற பரிசோதனை செய்தன். பொசிட்டிவ். வீக்கம் ஒண்டும் இல்லை. காலமை எழும்பினா மணிக்கட்டு கொஞ்சம் பிடிக்கும், தேத்தண்ணி குடிச்சு முடிய விட்டிடும்.

வருத்தம் வரமுதலே அபட்டாசெப்ட் எண்ட ஊசியைப் போட்டால் முடக்குவாதத்தைத் தடுக்கலாம் எண்டு 2024இல லான்செட் சஞ்சிகையில ஆராய்ச்சி வந்திருக்காம். கொழும்பில ஆரையாவது பிடிச்சு அதை எடுக்கச் சொல்லி மச்சாள் நிக்கிறா. இவர் “இல்லாத வருத்தத்துக்கு மருந்தோ” எண்டு சிரிக்கிறார். விஷயம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

நிலாவெளிக்காத்து
தங்கச்சி, மச்சாள் சொல்லுறது வாட்ஸ்அப் கதை இல்லை. நான் அதைத் தேடி வாசிச்சனான். பிரித்தானியாவிலயும் நெதர்லாந்திலயும் 213 பேர். எல்லாருக்கும் உங்களைப் போல ரத்தத்தில பொசிட்டிவ், மூட்டு நோவு இருக்கு, வீக்கம் இல்லை. ஒரு வருஷம் கிழமைக்கு ஒரு ஊசி. பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மற்றவைக்கு வெறும் ஊசி. வருஷ முடிவில மருந்து போட்டவையில நூற்றுக்கு 6 பேருக்குத்தான் மூட்டு வீங்கி வருத்தம் பிடிபட்டது. வெறும் ஊசி போட்டவையில நூற்றுக்கு 29.

இந்த வருத்தம் மூட்டில துவங்கிறேல்லை. வீக்கம் தெரிய வருஷக்கணக்கில முதலே அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில நிக்கும். அந்த இடைவெளியில கையை வைக்கத்தான் இப்ப ஆராய்ச்சிக்காரர் எல்லாரும் ஓடுகினம். எலும்பு அரிச்ச பிறகு எந்த மருந்தும் அதை நிரப்பாது. என்ர மனுசிக்கு இந்த வருத்தம், அதனாலதான் சொல்லுறன். “பொறுத்துப் பாப்பம்” எண்டு சொல்லுறவை ஒருக்கா அவளின்ர கையைப் பாக்கோணும்.

உப்புவெளி_மருந்தாளர்
நண்பர் அந்தக் கட்டுரையின் முன்பாதியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். ஊசியை ஒரு வருடத்தோடு நிறுத்திவிட்டு, இன்னும் ஒரு வருடம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 24 மாத முடிவில் மருந்து போட்டவர்களில் 25 வீதம், வெறும் ஊசி போட்டவர்களில் 37 வீதம். 6க்கும் 29க்கும் இருந்த இடைவெளி எங்கே, 25க்கும் 37க்கும் உள்ளது எங்கே? மருந்து நோயைப் பிற்போட்டிருக்கிறது. தடுத்தது என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். எந்த மருந்தும் போடாத அந்தக் கூட்டத்தில் இரண்டு வருடத்தில் 63 வீதமானவர்களுக்கு நோய் வரவேயில்லை. நூற்றுக்கு அந்த 63 பேருக்கும் ஊசி போட்டிருந்தால் எதற்காகப் போட்டிருப்போம்? அபட்டாசெப்ட் சத்து ஊசி இல்லை. ரி-செல் எனப்படும் வெள்ளை அணுவைத் தட்டியெழுப்பும் சமிக்ஞையை அது மறிக்கிறது. இந்த வகை மருந்து தொடங்க முதல் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் காசநோய் இன்னும் இருக்கிறது.

மகளே, முதலில் ஒன்று. நீங்கள் பிரைவேட் லாப்பில் பார்த்தது ஒரு எண். அந்த ஆய்வில் சேர்த்தவர்களுக்கு ஒன்றில் இரண்டு வகை எதிர்ப்பொருளும் இருந்தது, இல்லையென்றால் ஒன்று மிக உயர்ந்த அளவில் இருந்தது. உங்கள் ரிப்போட்டில் அளவு எவ்வளவு? மற்ற எதிர்ப்பொருளான ஆர்.எஃப். (ருமட்டொயிட் ஃபக்டர்) பார்த்தீர்களா? பொசிட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எவரும் ஊசி எழுதமாட்டார்.

நிலாவெளிக்காத்து
மருந்தாளர் ஐயா, பிற்போடுறதை ஏன் இவ்வளவு சின்னனாப் பாக்கிறியள்? 34 வயசுப் பிள்ளைக்கு ரெண்டு வருஷம் தள்ளிப் போறது சின்ன விஷயமோ? ஜெர்மனியில எர்லாங்கன் ஆக்கள் தலைமையில நடந்த மற்ற அபட்டாசெப்ட் ஆய்வும் அதே வருஷம் வந்தது. 98 பேர், ஆறு மாசம்தான் மருந்து. ஊசியை நிப்பாட்டி ஒரு வருஷத்துக்குப் பிறகும் வருத்தம் வந்தது மருந்து போட்டவையில 35 வீதம், வெறும் ஊசி போட்டவையில 57 வீதம். அந்த வித்தியாசம் அழியேல்லையே.

கிண்ணியா_மாஸ்டர்
இதுக்குள்ள நானும் ஒரு வார்த்தை சொல்றன். எங்கட பக்கம் மூட்டு வீங்கினா எல்லாரும் முடக்குவாதம் எண்டு நினைக்கிறாங்க. 2006 கடைசியில நாட்டில சிக்குன்குனியா வந்த நேரம் எத்தின பேருக்கு மாசக்கணக்கில கை கால் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்திச்சி. என்ட உம்மா பள்ளிக்கூடத்து வாசல்ல நடக்க ஏலாம நிண்டா. ஆர்.எஃப். பாத்து “வாதம்” எண்டு சொல்லிட்டாங்க. ஆர்.எஃப். வேற கன வருத்தத்திலயும், வருத்தமே இல்லாத வயசான ஆக்களுக்கும் பொசிட்டிவா வரும். இந்த அன்ரி சிசிபி அதை விடக் குறிப்பான டெஸ்ட், அது நெகட்டிவ் எண்டு வந்த பிறகுதான் டொக்டர் யோசிச்சார். அவவுக்குத் தானா மாறிட்டு.

அதால டெஸ்ட்டே வேணாம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா நோவு வீக்கம் இல்லாத பிள்ளையளுக்கெல்லாம் உம்மாக்கு இருக்கு எண்டு கொண்டு போய் டெஸ்ட் செய்றது சரியில்ல. வந்த பேப்பர வச்சி ராவைக்கி நித்திரை இல்லாமப் போறதுதான் மிச்சம்.

கோணேசபுரி_சித்தன்
நான் இங்கே திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். இவ்வளவு பேர் கதைத்தும் எங்கள் மருத்துவத்தின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கோயம்புத்தூரில் ஆயுர்வேத மருந்தையும், முடக்குவாதத்துக்கு வழமையாகக் கொடுக்கும் மெதொட்ரெக்ஸேட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது, யாருக்கு எந்த மருந்து என்று. 36 கிழமை. ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், ஒன்றுக்கு மெதொட்ரெக்ஸேட், மூன்றாவதுக்கு இரண்டும். பலன் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை. வருடக்கணக்கில் ஊசி விற்கிறவர்களுக்கு மூலிகையில் என்ன லாபம்?

உப்புவெளி_மருந்தாளர்
தம்பி, அந்த ஆய்வு எனக்கும் தெரியும். நல்ல முயற்சி, முறையாகச் செய்தார்கள். ஆனால் மொத்தம் 43 பேர். மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவுக்குப் பதினான்கு பதினைந்து பேர். அவ்வளவு சிறிய கூட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால், வித்தியாசம் இல்லை என்று பொருளாகாது. செய்தவர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் தலைப்பில் போட்டார்கள். அதுவும் ஆயுர்வேதம், உங்கள் சித்த மருந்தும் இல்லை.

பெயர் இல்லாத பைக்கற்றில் சந்தையில் விற்கிற வாதச் சூரணம் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். இரண்டு நாளில் நோவு பறந்துவிடும், சனம் கொண்டாடும். பிறகு முகம் ஊதி, சீனி ஏறி ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். மருந்துக்கடைக் கவுண்டரில் நின்ற காலம் முழுக்க இதைப் பார்த்தேன்.

கோணேசபுரி_சித்தன்
கள்ளச் சூரணம் விற்கிறவனை எங்கள் தலையில் கட்டாதீர்கள் ஐயா. போலிக் குளிசை விற்கிறவனுக்காக ஆங்கில மருத்துவத்தை நான் குறை சொன்னேனா? சிறிய ஆய்வு என்கிறீர்கள், சரி. பெரியதைச் செய்யக் காசு தாருங்கள் என்பதுதான் என் கேள்வியும்.

உவர்மலையாள்
சண்டை பிடியாதேங்கோ. கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அம்மா ஒவ்வொரு முறையும் கேக்கிறவ. குளிச்சிட்டு வந்தா அண்டைக்குக் கை லேசா இருக்காம். அது பிழையோ?

மூதூர்_நேர்ஸ்
பிழை இல்ல அக்கா. சூடு இறுக்கத்தை இளக்கும், கூட்டிப் போங்கோ. ஆனா உள்ளுக்க நடக்கிற அழற்சியை அது நிப்பாட்டாது, குளிசையை விடக்கூடாது.

நான் கேக்க வந்தது வேற. எல்லாரும் வராத வருத்தத்தைக் கதைக்கிறியள். வந்த வருத்தத்துக்கு ஒழுங்கா மருந்தெடுக்கிறவை எத்தினை பேர்? மெதொட்ரெக்ஸேட் புற்றுநோய் மருந்தாம் எண்டு ஆரோ சொன்னா, அடுத்த கிளினிக்குக்கு வாறேல்ல. புற்றுநோய்க்குக் குடுக்கிறது பெரிய அளவு. இதுக்கு ஆகக் குறைஞ்ச அளவு, கிழமைக்கு ஒருக்கா மட்டும். அதை ஒவ்வொரு நாளும் போட்டு வாய் புண்ணாகி, ரத்த அணு விழுந்து வாற ஆக்கள் இருக்கினம். எந்தக் கிழமை நாள் எண்டு அட்டையில எழுதி ஒட்டுங்கோ. ஃபோலிக் அசிட்டையும் விடாதேங்கோ.

விலை கூடின ஊசி இல்லாட்டி எதிர்காலமே இல்லை எண்டு நினைக்கிறவைக்கு இன்னொண்டு. 2013இல வந்த அமெரிக்க ஆய்வில 353 பேர். மெதொட்ரெக்ஸேட் மட்டும் எடுத்து அடங்காத ஆக்கள். ஒரு பகுதிக்கு சல்ஃபாசலசீனும் ஹைட்ரொக்ஸிக்குளோரோகுயினும் சேர்த்துக் குடுத்தினம். மற்றப் பகுதிக்கு எட்டனர்செப்ட் ஊசி. மூண்டு மலிவான குளிசை அந்த ஊசிக்குக் குறைஞ்சதா இருக்கேல்ல. 2022இல கரண்டும் இல்லாம மருந்தும் இல்லாமக் கிடந்த மாசங்கள் ஞாபகம் இருக்குத்தானே? ஃபிரிட்ஜில வைக்கிற ஊசியை நம்பி இருந்தா அப்ப என்ன செய்திருப்பம்?

நிலாவெளிக்காத்து
நேர்ஸ் தங்கச்சி சொல்லுறது முழுக்கச் சரி. ஆனா ஊசி கிடைக்காது எண்டால் அந்த மலிவுக் குளிசையையே முதல்ல குடுக்கலாமே? வரமுதலே மெதொட்ரெக்ஸேட்?

உப்புவெளி_மருந்தாளர்
அதையும் பார்த்துவிட்டார்கள். நெதர்லாந்தில் 236 பேருக்கு ஒரு வருடம், 2022இல் வெளிவந்தது. இரண்டு வருட முடிவில் மருந்துக் குழுவில் 19 வீதம், வெறும் குளிசைக் குழுவில் 18 வீதம். தடுக்கவில்லை. நோவும் காலை இறுக்கமும் குறைந்தன, அதை மறைக்கமாட்டேன். ஹைட்ரொக்ஸிக்குளோரோகுயினை வைத்து அமெரிக்காவில் செய்ததைப் பயன் தெரியாமல் இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மகளே, இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மெதொட்ரெக்ஸேட் பக்கமே போகக்கூடாது, கருவைப் பாதிக்கும். இதை மச்சாள் சொன்னாவா?

புதுசு என்றால் நல்லது என்று ஓடுகிறவர்களுக்கும் ஒன்று. டொஃபாசிட்டினிப் குளிசையை அமெரிக்கா 2012இல் அனுமதித்தது. ஊசி தேவையில்லை, வாயால் விழுங்கலாம் என்று நாங்களும் மகிழ்ந்தோம். பத்து வருடம் கழித்து, 50 வயதுக்கு மேற்பட்ட, இதய நோய் ஆபத்து உள்ள 4,362 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. பழைய ஊசிகளோடு ஒப்பிட்டால் மாரடைப்பு போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. அது நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்த மருந்து. நோயே இல்லாத ஆளுக்குக் கொடுக்கும்போது தராசு இன்னும் கடுமையாக நிற்க வேண்டும்.

கிண்ணியா_மாஸ்டர்
காசில்லாத தடுப்பு ஒண்டு இரிக்கி, ஒருத்தரும் சொல்லல்ல. சிகரெட், பீடி. புகைக்கிறது இந்த வருத்தத்தைக் கூட்டும் எண்டு நிச்சயமாத் தெரியும், அதுவும் பரம்பரையில அந்த மரபணு இரிக்கிற ஆக்களுக்கு இன்னும் கூட. முரசு (பல் ஈறு) வருத்தத்துக்கும் இதுக்கும் தொடர்பு இரிக்கி எண்டு ஆராய்றாங்க. மருந்தப் பத்தி இவ்வளவு கதைச்ச நாம வீட்டு ஆம்பிளையளின்ட பீடிக் கட்டப் பத்திக் கதைக்கல்ல.

உவர்மலையாள்
எல்லாருக்கும் நன்றி. ரிப்போட்டை எடுத்துப் பாத்தன், அளவு மேல் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டி இருக்கு. ஆர்.எஃப். பாக்கேல்ல. ரெண்டாவது பிள்ளைக்கு யோசிக்கிறம்தான், மருந்தாளர் ஐயா. கிளினிக்கில காட்டப் போறன், ஊசி கேக்கப் போகேல்ல. போகேக்க என்ன கொண்டு போகோணும்?

மூதூர்_நேர்ஸ்
அந்த ரிப்போட், அம்மாவின்ர கிளினிக் கொப்பி. காலமை இறுக்கம் எத்தினை மணிக்குத் தொடங்கி எப்ப விடுகுது எண்டு ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கோ. அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் எண்டு நீண்டால், இல்லாட்டி விரல் அடி மூட்டு வீங்கினால், திகதியைப் பாத்துக்கொண்டு இருக்காமல் உடன போங்கோ. வீங்கின நேரம் போனில படம் எடுங்கோ. கிளினிக் நாளில வீக்கம் வத்திப் போயிருக்கும்.

நிலாவெளிக்காத்து
நல்லது தங்கச்சி. ஆனா நான் இன்னும் அதே பக்கம்தான். போன வருஷம், 2025 ஜூலையில, கழுத்து நரம்பில சின்னக் கருவி வைச்சு முடக்குவாதத்தை அடக்கிறதுக்கும் அமெரிக்கா அனுமதி குடுத்திட்டுது. இதுகள் எங்களுக்கு வர எத்தினை வருஷம் எடுக்குமோ? கொழும்பில எப்பவாவது தடுப்பு ஆய்வு ஒண்டு துவங்கினா என்ர மகளின்ர பேரை முதல் ஆளாக் குடுப்பன்.

உப்புவெளி_மருந்தாளர்
மகளைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.