புதுப்பிப்பு: ஃபிரான்ஸ் யேகர்ஸ்டாட்டரின் வீட்டார்

ஹிட்லரின் படையில் சண்டையிட மறுத்து, 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்ட இந்த ஆஸ்திரிய விவசாயியைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். 'பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்கவே இல்லையா?' என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

நினைக்காமலா? சிறைக்கு ஒரு படம் போனது. மூன்று மகள்களும் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 'அன்பு அப்பா, சீக்கிரம் வாங்க' என்று அதில் எழுதியிருக்கும். மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. அதைப் பார்த்த பிறகும் அவர் உறுதியாக நின்றாரே, எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அப்புறம் மனைவி ஃபிரான்சிஸ்கா. ஊர்ப்பேச்சையும் தாங்கிக்கொண்டு நிலத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். கணவர் பார்த்த கோயில்பிள்ளை வேலையையும், அதாவது ஊர் தேவாலயத்தைப் பராமரிக்கும் வேலையையும் செய்தார். 2007இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கணவருக்குக் கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது ஃபிரான்சிஸ்காவுக்கு 94 வயது. கணவரின் புனித எச்சம் வைத்த திருப்பண்டப் பேழையைக் கையில் வாங்கி முத்தமிட்டார்.