2, 3ஆம் வகுப்பு: நொண்டி, எறிதல், பிடித்தலை விளையாட்டு வழியே பழக்குவது எப்படி?

நீலப்பலகை:
தொடக்கப்பள்ளி. உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இல்லை, வகுப்பாசிரியரேதான் விளையாட்டுப் பாடவேளையையும் பார்க்க வேண்டும். 2, 3ஆம் வகுப்பு சேர்த்து 34 பிள்ளைகள். வாரம் 2 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். இடம் சுமார் 20க்கு 15 மீட்டர், சரளை கலந்த மண். ஒரு பக்கம் வேப்பமரம், எதிர்ப்பக்கம் காம்பவுண்டு சுவர். சாமான்: ரப்பர் பந்து 4, கயிறு 2, விசில் 1.

இப்போது ஆடுவது குலை குலையா முந்திரிக்கா, நொண்டி, ரிலே. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் திறன் வளர்வதாகத் தெரியவில்லை. பாதிப் பேருக்கு இடது காலில் 2 தத்தலுக்கு மேல் வருவதில்லை. பந்து எறியும்போது வலது கையும் வலது காலும் சேர்ந்தே முன்னால் வருகின்றன. பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார்கள். ஆட்டத்தை நிறுத்தித் தனியாகப் பயிற்சி கொடுத்தால் 5 நிமிடத்தில் கவனம் போய்விடுகிறது. ஆட்டத்துக்குள்ளேயே இதைச் சரிசெய்ய வழி உண்டா?

விசில்_சத்தம்:
உண்டு டீச்சர். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். குலை குலையா முந்திரிக்காயில் 34 பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஓடுவது 2 பேர். ஒரு சுற்று அரை நிமிடம் என்றால் 15 நிமிடத்தில் 30 சுற்று, அதாவது 60 ஓட்டம். தலைக்கு 2 ஓட்டம்கூடத் தேறாது. நொண்டி இன்னும் வேடிக்கை. நொண்டுவது ஒருவர், மற்ற 33 பேரும் ஓடுகிறார்கள். பெயர்தான் நொண்டி, பழக்கம் கிடைப்பது ஓட்டத்துக்கு. எந்த ஆட்டத்தை எடுத்தாலும், "இதில் ஒரு பிள்ளைக்கு இந்த அசைவு எத்தனை தடவை கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துக்குக் கீழே என்றால் விதியை மாற்ற வேண்டும்.

நொண்டியை இப்படி மாற்றலாம். 5க்கு 5 மீட்டரில் 4 கட்டம், கட்டத்துக்கு 8 அல்லது 9 பேர். பிடிப்பவர் 2 பேர், ஆனால் எல்லோருமே நொண்ட வேண்டும். 20 விநாடி ஆட்டம், விசில், 30 விநாடி ஓய்வு, அடுத்த சுற்று மறு காலில். 20 விநாடிக்கு மேல் இழுக்காதீர்கள். இந்த வயதில் கால் களைத்ததும் முட்டி மடங்காமல் தொம் தொம்மென்று குதிகாலில் விழுவார்கள், அந்தப் பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும். கட்டம் போடக் கோலமாவு போதும். சுண்ணாம்புத்தூள் வேண்டாம், காற்றில் பறந்து கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். ஆட்டத்துக்கு முன் கட்டத்துக்குள் கிடக்கும் பெரிய சரளையைப் பிள்ளைகளையே பொறுக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.

பார்க்க வேண்டியது: தூக்கிய கால் உடம்புக்குப் பின்னால் மடங்கியிருந்து, ஒவ்வொரு தத்தலுக்கும் ஊஞ்சல்போல முன்னே வீச வேண்டும். கைகளும் கூடவே வீச வேண்டும். பல பிள்ளைகள் தூக்கிய காலைக் கையால் பிடித்துக்கொள்வார்கள். அது கூடாது. கை வீச்சு போய்விடும், தடுக்கினால் ஊன்றக் கை இருக்காது. இடது காலே வராதவர்களை ஓய்வு நேரத்தில் சுவரில் இரண்டு விரல் வைத்து 3 தத்தல் போடச் சொல்லுங்கள். 3 தொடர்ந்து வந்ததும் சுவரை விடலாம்.

ரிலேயை இந்த வகுப்புகளுக்கு நிறுத்திவிடுங்கள். வரிசையில் 8 பேர் நின்றால் 7 பேர் வேடிக்கை பார்க்கிறார்கள், ஓடுகிற ஒருவரும் அவசரத்தில் அசைவைக் குலைத்துக்கொள்கிறார்.

சுவரோரம்:
எறிதலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கைக்கு எதிர்க்கால் முன்னே வராததற்குப் பெரும்பாலும் காரணம், நாம் வைக்கும் இலக்கு மிகக் கிட்டத்தில் இருப்பதுதான். 2 மீட்டரில் வாளி வைத்து "உள்ளே போடு" என்றால் உடம்பைத் திருப்பத் தேவையே இல்லை, முழங்கையை மட்டும் தள்ளினால் போதும். குறி பார்ப்பது பிறகு. முதலில் வேகம். பிள்ளைகளின் ஓடுதல், எறிதல் போன்ற அசைவுத் திறனை அளக்க டேல் உல்ரிக் வகுத்த டி.ஜி.எம்.டி.-2 சோதனையிலும் (2000) பிள்ளையைச் சுவரிலிருந்து 20 அடி தள்ளி நிறுத்தி "பலமாக எறி" என்றுதான் சொல்லச் சொல்கிறார்கள்.

பந்துக்குச் செலவு வேண்டாம். பழைய செய்தித்தாள் 3 தாளைக் கசக்கி உருட்டி, கிழிந்த காலுறைக்குள் திணித்து முடிச்சுப் போட்டால் 2ஆம் வகுப்புக் கைக்குச் சரியாக இருக்கும். தலைக்கு ஒன்று, 34 பந்து. மேலே பட்டாலும் வலிக்காது.

ஆட்டம்: "முற்றம் பெருக்கு". இடத்தின் நடுவே, வேப்பமரத்திலிருந்து எதிரே ஒரு கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் கயிறு. கயிற்றின் இரு புறமும் 17 பேர், 17 பந்து. விசில் அடித்ததும் தங்கள் முற்றத்துப் பந்துகளைக் கயிற்றுக்கு மேலே அந்தப் பக்கம் எறிய வேண்டும். 40 விநாடி. எந்த முற்றத்தில் பந்து குறைவோ அந்தக் கட்சிக்கு வெற்றி. பிள்ளைக்குச் சுற்றுக்கு நாலைந்து எறிதலாவது கிடைக்கும். நாலு சுற்று போனால் கணக்கு உங்களுக்கே தெரியும்.

இது இரண்டு இடத்தில் கெடும். ஒன்று, கயிற்றுக்குக் கீழேயே வந்து நின்று மெதுவாக மேலே தூக்கிப்போடுவார்கள். கயிற்றுக்கு இரு புறமும் 3 மீட்டர் "ஆறு" என்று கோடு போட்டு அதற்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு, அவசரத்தில் நேராக நின்றே எறிவார்கள். ஆற்றங்கரைக்கு ஓர் அடி பின்னால், கரைக்குப் பக்கவாட்டாக நிற்கிற மாதிரி ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு ஜோடிப் பாதம் வரையுங்கள். காலியான பாதத்தில் நின்றுதான் எறிய வேண்டும். வலக்கைக்காரருக்கு இடது தோள் கயிற்றைப் பார்க்கும், இடக்கைக்காரர் திரும்பி நிற்கட்டும். எறியும்போது கயிற்றுப் பக்கம் இருக்கும் கால் ஓர் அடி முன்னே போக வேண்டும், கை எதிர் இடுப்பு வரை இறங்கி முடிய வேண்டும். "எந்தக் கால்?" என்று கேட்டால் குழம்புவார்கள். கயிற்றுப் பக்கக் கால் பெருவிரலில் கோலமாவைத் தடவிவிட்டு "வெள்ளைக் காலை வை" என்று சொல்லுங்கள், முடிந்தது.

ஆலமரத்தடி:
எல்லாம் சரி. ஆனால் ரிலேயை அடியோடு ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். பிள்ளைகளுக்குக் கட்சி கட்டுவதில் ஒரு ருசி இருக்கிறது. தவிர, பாண்டி, கல்லா மண்ணா, அஞ்சாங்கல் எல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலேதான் வந்தன.

விசில்_சத்தம்:
வரிசைக்கு 3 பேர் என்றால் ரிலே வைக்கலாம் சார், ஆட்சேபணை இல்லை. 34 பேருக்கு 11 வரிசை, ஒன்றில் மட்டும் 4 பேர். போய்த் திரும்பும் தூரம் 8 மீட்டருக்குள் இருக்கட்டும். ஏற்கெனவே கைவந்த அசைவை மட்டும் ரிலேயில் விடுங்கள், புதிதாகப் பழகுவதை அல்ல.

பாண்டி தானாக வந்தது, தெருவில் தினமும் ஒரு மணி நேரம் ஆடியதால். வாரம் 80 நிமிடத்தில் வராது. அதிலும் மைதானத்துக்குப் போக, திரும்ப, தண்ணீர் குடிக்க என்று 20 நிமிடம் கழியும். பாண்டி அருமையான ஆட்டம்தான், ஆனால் ஒரு கட்டத்துக்கு 4 பேருக்கு மேல் கூடாது. பெட்டி 40 செ.மீ. இருந்தால் 2ஆம் வகுப்புக்குப் போதும். போகும்போது ஒரு கால், திரும்பும்போது மறு கால் என்று வையுங்கள், இல்லாவிட்டால் வலது காலிலேயே முடித்துவிடுவார்கள்.

கல்லா மண்ணாவில் "கல்" வட்டங்களைச் சிறிதாக, ஒன்றரை அடி விட்டத்தில், 15 இடத்தில் வரைந்து, ஒரு வட்டத்தில் 5 எண்ணுவதற்குள் அடுத்ததற்குத் தாவச் சொல்லுங்கள். தாவுதல், திசை மாற்றம், சமநிலை மூன்றும் சேர்ந்து வரும். இறங்கும்போது சத்தம் கேட்கக் கூடாது, பூனை மாதிரி. "முட்டியை மடக்கு" என்று பத்துத் தடவை சொல்வதைவிட இந்த ஒரு சொல் வேலை செய்யும்.

நீலப்பலகை:
நன்றி. இரண்டு சந்தேகம். பிடித்தலுக்கு என்ன செய்வது? இன்னொன்று, "அவுட்" இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்கிறார்கள் பிள்ளைகள். ஆனால் முதலில் அவுட் ஆகிறவர்கள் எப்போதும் அதே ஐந்தாறு பேர்தான்.

தாழ்வாரம்:
அவுட்டை எடுக்க வேண்டாம், உட்கார வைப்பதை எடுத்துவிடுங்கள். அவுட் ஆனவர் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பந்தைத் தானே தூக்கிப்போட்டு 5 தடவை பிடித்துவிட்டுத் திரும்ப ஆட்டத்துக்கு வரலாம். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவருக்கே அதிகம் கிடைக்கும். லாக் அண்ட் கீ ஆடினால் "லாக்" ஆனவர் ஒற்றைக் காலில் நிற்கட்டும். யாரும் விடுவிக்க வராவிட்டால் 10 எண்ணிவிட்டுத் தானே ஓடலாம்.

பிடித்தல்: கண் மூடுவது பயம், அதைத் திட்டிச் சரிசெய்ய முடியாது. கெட்டியான ரப்பர் பந்தை, சரியாக எறியத் தெரியாத இன்னொரு பிள்ளை எறிந்தால் யாருக்கும் கண் மூடும். அதனால் ஜோடியாக எறிந்து பிடிப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் மெல்லிய துப்பட்டாத் துண்டு, ஒன்றரை அடிச் சதுரம். மெதுவாக இறங்குவதால் கண் அதைத் தொடர நேரம் கிடைக்கும். அடுத்து பலூன் (வகுப்பறைக்குள் மட்டும், வெயிலில் சரளை மேல் நிற்காது). அதன் பிறகு காலுறைப் பந்து, தலைக்கு மேல் இரண்டடி உயரம் தானே தூக்கிப்போட்டு. இதில் கைத்தட்டு ஆட்டம் நன்றாக ஓடும்: பந்து மேலே இருக்கும்போது 1 தட்டு, பிடித்தால் அடுத்து 2, தவறினால் மறுபடி 1. ஒவ்வொருவரும் தன் கணக்கோடுதான் போட்டி. 3 தட்டு வந்த பிறகு ஜோடி சேர்த்து, ரப்பர் பந்தை ஒரு தடவை தரையில் தட்டி எழும்புவதைப் பிடிக்கச் சொல்லுங்கள். நேராக வரும் பந்து எல்லாவற்றுக்கும் பிறகு.

கை பந்தை நோக்கி நீள வேண்டும், பட்டதும் முழங்கை மடங்கி உள்ளே இழுக்க வேண்டும். மார்போடு அணைத்துப் பிடித்தால் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள், பந்து சிறிதாகச் சிறிதாக அது தானே போகும். வீட்டில் அஞ்சாங்கல் ஆடுகிற பிள்ளை இருந்தால் கவனியுங்கள், மேலே போன கல்லை விட்டுக் கண்ணை எடுத்தால் அங்கே ஆட்டமே இல்லை. அவரையே மற்றவர்களுக்குக் காட்டச் சொல்லலாம்.

சுவரோரம்:
குறிப்பேடு வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று. 34 பேரையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். ஒரு பாடவேளைக்கு 6 பேர், ஒரே திறன். எறிதலுக்கு நாலு கட்டம் போதும்: கை கீழிறங்கிப் பின்னே போகிறதா, இடுப்பும் தோளும் திரும்புகின்றனவா, எதிர்க்கால் முன்னே வருகிறதா, எறிந்த பின் கை குறுக்கே இறங்குகிறதா. இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பந்து எவ்வளவு தூரம் போனது என்று எழுத வேண்டாம். உயரமான பிள்ளை தப்பாக எறிந்தாலும் தூரம் போகும். பிள்ளைக்குத் தெரியாமல், ஆட்டத்துக்கு நடுவே பாருங்கள். நோட்டோடு எதிரே போய் நின்றால் எல்லோரும் திடீரென்று அழகாக எறிவார்கள்.

நீலப்பலகை:
34 காலுறை எங்கே கிடைக்கும் என்பதுதான் இப்போதைய கவலை. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் செருப்பு.

சுவரோரம்:
காலுறை கட்டாயமில்லை. பழைய பனியன் துணியைச் சதுரமாக வெட்டிச் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். முடிச்சு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, உள்ளே செருகிவிடுங்கள்.