கையால் வீசினால் அழகாக மிதக்கிறது, மோட்டார் வைத்தால் குட்டிக்கரணம்: பூஸ்ட் கிளைடர் உதவி தேவை

ஹூஸ்டன்வாசி:
வணக்கம். நானும் மகளும் சேர்ந்து பால்சா மரத்தில் ஒரு பூஸ்ட் கிளைடர் (மாடல் ராக்கெட் மோட்டாரில் ஏறி, பிறகு மிதந்து இறங்கும் கிளைடர்) கிட் கட்டி முடித்திருக்கிறோம். 18 மி.மீ. மோட்டார் போகும் பாட், அதாவது மோட்டாரைத் தாங்கும் தனிக் குழல், மூக்குப் பக்கம் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். மேலே போனதும் பாட் கழன்று ஸ்ட்ரீமரோடு (வேகத்தைக் குறைக்கும் நீள நாடா) தனியாக இறங்க வேண்டும், கிளைடர் தனியாக மிதந்து வர வேண்டும். கிட்டோடு வந்த செய்முறைத் தாளில் சொல்லியிருப்பது இதுதான்.

புல்தரையில் கையால் வீசிப் பார்த்தபோது குறை சொல்ல முடியாத அளவுக்கு மிதந்தது. A8-3 மோட்டாரோடு ஏவினால் கதை வேறு. ராடை (ஏவும் கம்பி) விட்டு நேராகத்தான் கிளம்புகிறது. இரண்டு மாடி உயரம் போனதும் வளைந்து, ஒரு பெரிய வட்டம் போட்டு, தரையில் குத்துகிறது. கீழே விழுந்து கிடக்கும்போதுதான் ‘டப்’ என்று பாட் கழல்கிறது. இன்னொரு மோட்டார் போட்டுப் பார்த்தோம், அச்சு அசலாக அதே வட்டம். மூக்கு கொஞ்சம் நசுங்கியதோடு சரி, இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

முறுக்குமீசை:
A மோட்டாருக்கு இழுக்கச் சக்தி போதவில்லை போலிருக்கிறது. C6-5 போட்டுப் பாருங்கள், சர்ரென்று நேராகப் போகும்.

பால்சாதூசி:
C போடாதீர்கள், தயவுசெய்து. மீசைக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இது சக்திக் குறைவு இல்லை. A என்றால் மொத்த உந்தம் 2.5 நியூட்டன்-விநாடி வரை, B அதில் இரண்டு மடங்கு, C நான்கு மடங்கு. A8 முக்கால் விநாடிபோல எரிந்து அணைந்துவிடும், C6 கிட்டத்தட்ட இரண்டு விநாடி எரியும். இப்போது வெறும் வேகத்தில் வந்து குத்துகிற கிளைடர், C போட்டால் எரிந்துகொண்டே தரைக்கு வரும். அல்லது ஆட்கள் நிற்கிற பக்கம் வரும். கோடுக்குப் பின்னால் உள்ள 5 என்பது எரிந்து முடிந்தபின் பாட் கழல ஆகும் விநாடிகள், அது உங்கள் கிளைடருக்கு ரொம்ப அதிகம்.

ஹூஸ்டன்வாசி, முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். வட்டம் எந்தப் பக்கம் போடுகிறது, கிளைடரின் முதுகுப் பக்கமா வயிற்றுப் பக்கமா? பாட் இல்லாமல் கிளைடரை விரல் நுனியில் வைத்தால் தாளில் குறித்த புள்ளியில் நிற்கிறதா? வாலில் இருக்கும் கிடைத் தகட்டை விளிம்போடு கண் வைத்துப் பாருங்கள், தட்டையாக இருக்கிறதா?

கோவை_தும்பி:
இழைக்கு நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும் அக்கா. இங்கே இந்த மோட்டார்கள் கடையில் கிடைப்பதில்லை. தீபாவளி ராக்கெட்டின் குழலை மட்டும் எடுத்து இந்த மாதிரி பாட்டில் வைக்கலாமா?

பால்சாதூசி:
வேண்டாம் தம்பி. மாடல் மோட்டார் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு நேரம் எரியும், எத்தனை விநாடி கழித்துப் பாட்டைத் தள்ளும் என்பதெல்லாம் மேலேயே அச்சடித்து வருகிறது. பட்டாசு ராக்கெட்டில் அந்தக் கணக்கு எதுவும் கிடையாது, தலையில் வெடிமருந்து வேறு. பிரித்து எடுக்கிற வேலையிலேயே விரல் போகும். உண்டிவில் மாதிரி ரப்பர் கட்டி இழுத்து விடும் கிளைடர் செய்யுங்கள். மேலே வேகமாகப் போக வேண்டும், கீழே மெதுவாக இறங்க வேண்டும் என்ற தலைவலி அதிலும் அப்படியே இருக்கிறது. நான் இனிமேல் சொல்லப்போவது முழுக்க அதற்கும் பொருந்தும்.

ஹூஸ்டன்வாசி:
மகள் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதுகுப் பக்கம்தான் வளைகிறது. சமநிலைப் புள்ளி தாளில் காட்டியதைவிட 12 மி.மீ. முன்னால் நிற்கிறது. காரணம் இருக்கிறது: தாளில் சொன்ன இடத்தில் வைத்து வீசினால் மூக்கைத் தூக்குவதும் தொப்பென்று இறங்குவதுமாக இருந்தது. மூக்கில் களிமண் சேர்க்கச் சேர்க்கச் சரியானது. தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. வால் தகடு... நீங்கள் கேட்டபிறகு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், பின் விளிம்பு லேசாக மேலே வளைந்திருக்கிறது. மகள் மேல் பக்கம் மட்டும் நீல வண்ணம் அடித்தாள், தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக்.

பால்சாதூசி:
கிடைத்துவிட்டது. மூன்றும் ஒரே நோய்.

மெல்லிய பால்சாவின் ஒரு பக்கம் மட்டும் வண்ணம் அடித்தால், அது காயும்போது சுருங்கி மரத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஹூஸ்டன் ஈரக்காற்றில் அடுத்த பக்கம் உப்பவும் செய்யும். பின் விளிம்பு மேலே வளைந்த வால், காற்றில் கீழ்நோக்கி அழுந்தும், அதனால் மூக்கு தூக்கும். கையால் வீசியபோது அது தூக்கித் தூக்கி விழுந்தது இதனால்தான். நீங்கள் களிமண் வைத்து மூக்கைக் கனமாக்கினீர்கள், அந்த மெதுவான வேகத்தில் இரண்டும் ஈடாகிவிட்டது.

ஆனால் களிமண்ணின் எடை வேகத்தோடு மாறாது. வால் கீழே அழுத்தும் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. மோட்டார் இழுக்கும்போது களிமண்ணுக்கு எதிராக வால் ஜெயித்துவிடுகிறது, கிளைடர் முதுகுப் பக்கம் சுருள்கிறது. பாட் மாட்டியிருக்கும்போது எடை இன்னும் முன்னால் போவதால் சாதாரணமாக இது அடங்கிவிடும். உங்கள் வளைவு அதையும் மீறுகிற அளவு இருக்கிறது. வயிற்றுப் பக்கம் வளைந்திருந்தால் பாட் பொருத்திய கோணத்தைச் சந்தேகப்பட்டிருப்பேன், சுருண்டு உருண்டிருந்தால் இறக்கையை.

என்னைக் கேட்டால், கிட் தாள்கள் ‘சரியாக மிதக்கும்வரை களிமண் சேர்’ என்று எழுதுவதோடு நிறுத்துவது பாதிப் பாடம்தான். புள்ளி தாளில் உள்ள இடத்தை விட்டு விலகினால் களிமண்ணை விட்டுவிட்டு மரத்தைப் பார் என்று அடுத்த வரியில் போட வேண்டும்.

சரி செய்வது சுலபம். இட்லிப் பானையிலிருந்து வரும் ஆவியில் வாலை அரை நிமிடம் காட்டுங்கள் (விரல் பத்திரம், மகளிடம் கொடுக்க வேண்டாம்). எதிர்ப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். பிறகு இரவு முழுக்கத் தட்டையான பலகைமேல் கனம் வைத்து விடுங்கள். நிமிர்ந்ததும் கீழ்ப் பக்கமும் அதே அளவு வண்ணம் மெல்லிசாக. அப்புறம் மூக்குக் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்து, புள்ளி தாளில் உள்ள இடத்துக்கு வருகிறதா பாருங்கள்.

ஏவும் முன் இன்னொரு சோதனை. எரிந்து தீர்ந்த மோட்டார் உறையில் களிமண் அடைத்து, புது A8 எடைக்கு, சுமார் 16 கிராம், கொண்டுவந்து பாட்டில் வையுங்கள். முழு மாடலையும் பலமாக வீசுங்கள். மிதக்கக் கூடாது, மூக்கைச் சாய்த்து நேராகப் போய் விழ வேண்டும். மூக்கு மேலே ஏறினால் ராடுக்குக் கொண்டுபோகாதீர்கள். கொக்கியையும் பாருங்கள்: கிளைடரைப் பிடித்து மூக்கை வானத்துக்குத் தூக்கினால் பாட் தானாக வழுக்கி விழ வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஸ்ட்ரீமர் கிளைடரிலேயே சிக்கி, இரண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டு வரும்.

முறுக்குமீசை:
கோபமெல்லாம் இல்லை. C போட்டால் அதிக உயரம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கிளைடருக்கு என்னதான் நல்லது?

பால்சாதூசி:
முதல் ஏவல்களுக்கு A8-3 போதும். நேராகப் போக ஆரம்பித்ததும் B4-2 அல்லது B6-2. உச்சிக்கு வந்து வேகம் குறையும் நேரத்தில் பாட் கழல வேண்டும், அதனால்தான் தாமதம் சின்னதாக இருப்பது. தாமதம் நீண்டால் கிளைடர் தலைகுப்புற வேகமெடுத்த பிறகு பிரியும், இறக்கை மடங்கும். மைதானத்தையும் கணக்கில் வையுங்கள். அமெரிக்க ராக்கெட்டரி சங்கத்தின் பாதுகாப்பு விதி A மோட்டாருக்குக் குறைந்தது 100 அடி அகல மைதானம் கேட்கிறது, B என்றால் 200 அடி. பொத்தானை அழுத்துபவர் 15 அடிக்கு அப்பால்.

ஹூஸ்டன்வாசி:
வால் நிமிர்ந்துவிட்டது. மூக்கிலிருந்து எடுத்த களிமண்ணைப் பார்த்து மகள் சிரித்தாள், சுண்டைக்காய் அளவு இருந்தது. புள்ளி தாளில் உள்ள இடத்துக்கு 1 மி.மீ.க்குள் வந்துவிட்டது. பலமாக வீசியபோது மாடல் நேராகப் போய்ப் புல்லில் விழுந்தது. இன்று காலை காற்றில்லாத நேரமாகப் பார்த்து A8-3 வைத்து ஏவினோம். நேராக மேலே போனது, பாட் கழன்றது, ஸ்ட்ரீமர் விரிந்தது! மிக்க நன்றி.

ஒரே குறை, கிளைடர் திரும்பவே இல்லை. நேர்கோட்டில் போய் மைதானத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. வட்டமடித்துப் பக்கத்திலேயே இறங்க என்ன செய்வது? மறுபடி வாலை வளைக்கப் பயமாக இருக்கிறது.

பால்சாதூசி:
வாலைத் தொடாதீர்கள். இடது இறக்கை நுனியில் மிளகு அளவு களிமண் ஒட்டி, கையால் வீசிப் பாருங்கள். 30 மீட்டர் அகலத்தில் சோம்பலாக ஒரு வட்டம் வந்தால் போதும். வட்டம் இறுகி மூக்கு கீழே போனால் பாதி கிள்ளி விடுங்கள். செங்குத்தாக நிற்கும் வால் தகட்டைத் திருப்பினாலும் கிளைடர் வட்டமடிக்கும்தான், ஆனால் ஏறும்போது மோட்டார் வேகத்தில் அது மறுபடி வேலையைக் காட்டும். எடை என்றால் மேலே போகும்போது பெரும்பாலும் பேசாமல் இருக்கும்.